உதைக்காத துப்பாக்கி

கெய்லன் என்றைக்காவது தன் புது மனைவியைத் துப்பாக்கி கிளப்புக்கு அழைத்து வருவான் என்று லோர்னா வோபாட்டுக்குத் தெரியும். அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கும் வேலை தன் தலையிலேயே வந்து விடியும் என்பதுதான் தெரியாது.

மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை, அதன் முன்னால் புல்வெளி, புல்வெளியில் களிமண் தட்டுகளை வானத்தில் எறிகிற இயந்திரம். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் இருந்த கிளப் அவ்வளவுதான். ஆனால் ஒரு விதியில் மட்டும் கறாராக இருந்தார்கள். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு பயிற்சியாளரோடு நின்று சுட வேண்டும். பயிற்சியாளர்கள் இருந்ததே இரண்டு பேர். அவர்களில் ஒருவர் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார். மிச்சம் இருந்தது லோர்னா, கெய்லனின் முதல் மனைவி.

கெய்லனின் வண்டி மண்பாதையில் திரும்புவதைக் கொட்டகையின் சமையலறை ஜன்னலிலிருந்து, கிளப்பில் சமையல் பார்க்கும் அவள் தோழி ஐரின்தான் முதலில் பார்த்தாள்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடுடி. மெஷின் ரிப்பேர்னு சொல்லித் திருப்பி அனுப்பிடறேன்."

"ரிப்பேர்னு சொன்னா அவனே இறங்கி சரி பண்ண ஆரம்பிச்சிடுவான். அவனத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். உனக்கு என்னென்ன சரி பண்ணிக் குடுத்தான்னும் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஐரின் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்தாள்.

கெய்லன் இறங்கி, சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டான். லோர்னா அதைப் பார்த்தாள். தன்னோடு குடும்பம் நடத்திய பத்தொன்பது வருடத்தில் அவன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டது, கதவின் பிடி உடைந்து கிடந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும்தான்.

இறங்கியவள் குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்தாள். டெலியா. லிங்கன் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவள். லோர்னாவும் கெய்லனும் பிரிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவனுக்கு அவளோடு பழக்கமே ஏற்பட்டது. ஆகவே அவளிடம் கோபப்பட லோர்னாவுக்கு எந்த நியாயமும் இல்லை. அந்த நியாயம் இல்லாததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"லோர்னா, இது டெலியா," என்றான் கெய்லன், ஏதோ விதை மூட்டையை விலை பேச வந்தவன் போல. "கொஞ்சம் பாத்துச் சொல்லிக் குடு. பயப்படுறா."

"நான் ஒண்ணும் பயப்படல. சத்தம்தான் ஆகாது. நாள் முழுக்க பல்லு மெஷின் சத்தம், இதுல இது வேற," என்று டெலியா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "நீங்கதான் இந்த மாவட்டத்துலயே நல்லா சுடறவங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும். கெய்லனத் தவிர."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கெய்லன் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். ஒரு பார்வையிலேயே லோர்னாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இருபதாம் நம்பர், பெரிய வாய் கொண்ட பன்னிரண்டாம் நம்பரைவிட ஒல்லியான குழல். தோட்டா வெடிக்கும்போது கிளம்பும் வாயுவில் ஒரு பங்கைத் தானே வாங்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை, அதனால் சுடும்போது தோளில் விழும் உதையில் பெரும்பங்கு துப்பாக்கிக்குள்ளேயே கரைந்துவிடும். தோளில் பதியும் கட்டையின் பின்புறம் தடித்த மெத்தென்ற ரப்பர். பக்கத்தில் லேசான ரவைத் தோட்டாக்கள் ஒரு பெட்டி. புதிதாகச் சுட வருகிறவருக்கு எது வேண்டும் என்று யாராவது லோர்னாவைக் கேட்டிருந்தால், இதையேதான் சொல்லியிருப்பாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கட்டையை அளவாக அறுத்துக் குட்டையாக்கி மெருகிட்டிருந்தது. கையை அளக்காமல் அப்படி அறுக்க முடியாது. டெலியாவை முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் யாரோ நாடா பிடித்திருக்கிறார்கள். கெய்லனின் தடித்த விரல்கள் அந்த நாடாவைப் பிடித்திருப்பது லோர்னாவின் கண்முன் வந்தது.

அவள் முதன்முதலாகச் சுட்டது இருபத்திரண்டு வயதில், கல்யாணமான வருடத்து இலையுதிர்காலத்தில். கெய்லன் தன் அப்பாவின் ஒற்றைக் குழல் பன்னிரண்டாம் நம்பரைக் கையில் கொடுத்தான். துடைப்பக் கட்டை மாதிரி எடையே இல்லாத துப்பாக்கி. எடை இல்லாத துப்பாக்கிதான் பேயாக உதைக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? உள்ளே இருந்தது வாத்து வேட்டைக்கான கனத்த தோட்டா. அவனுடைய நண்பர்கள் வண்டியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். விசையை இழுத்ததும் அறுவடை முடிந்த வயலில் மல்லாந்து விழுந்தாள். சிரிப்புச் சத்தம்தான் முதலில் காதில் கேட்டது. அப்புறம் கெய்லன் குரல்: "தோள்ல அழுத்திப் பிடிக்கல, அவ்வளவுதான்." அந்த வாரம் முழுக்க அவளால் தலை வார முடியவில்லை. ஒரு வருடம், விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. யாருக்கும் தெரியாமல், அவன் விதைக் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, தனியாகவே சுட்டுச் சுட்டு அதைச் சரிசெய்தாள். அவள் அவனைவிட நன்றாகச் சுட ஆரம்பித்ததும் அவன் அவளோடு கிளப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் டெலியா.

லோர்னா வேலையில் இறங்கினாள். வேலையில் அவள் யாருக்கும் வஞ்சனை செய்ததில்லை. காதடைப்பான், கண்ணாடி. எந்தக் கண் வலுவான கண் என்று பார்த்தாள். காலி துப்பாக்கியைத் திரும்பத் திரும்பத் தோளுக்கு ஏற்றி இறக்க வைத்தாள்.

"பின்னால சாயாதீங்க. மூக்கு முன்னால வரட்டும். யாரோ ரகசியம் சொல்றாங்க, நீங்க எட்டிக் கேக்கறீங்க. ஆங், அப்படித்தான். கன்னம் கட்டையில ஒட்டியே இருக்கணும்."

"ரகசியம் நல்லதா கெட்டதா?"

"பக்கத்து வீட்டு ரகசியம்."

"அப்ப நல்லாவே சாஞ்சுக்கறேன்."

நல்ல பெண்ணாக இருந்தாள். அதுவும் லோர்னாவுக்குப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு தோட்டாவாக லோர்னா தன் கையாலேயே போட்டாள். புதியவர்களுக்கு அப்படித்தான். முதலில் மண்மேட்டில் சாய்த்து வைத்த தட்டு. டெலியா சுட்டாள். தட்டு தூளானது. அவள் திரும்பிப் பார்த்த முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா நான் ராத்திரி தூங்காம கிடந்தேன்?"

"சொன்னேன்ல செல்லம்!" என்று பின்னாலிருந்து கெய்லன் கத்தினான். "தலையணையால தட்டற மாதிரிதான் இருக்கும்னு!"

செல்லம். தலையணை. லோர்னா அடுத்த தோட்டாவைப் போட்டாள்.

பறக்கும் தட்டுகளில் சில தப்பின. லோர்னா பின்னால் நின்று, டெலியாவின் தோள்பட்டைக்குப் பின்புறம் உள்ளங்கையை வைத்துத் தாங்கியபடி, "தட்ட மட்டும் பாருங்க, குழலப் பாக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு தட்டு நடு வானத்தில் கரும்புகையாகச் சிதறியது. டெலியா கூவினாள். கெய்லன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். பிறகு அவள் வலது தோளைத் தன் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்து, குனிந்து, "வலிக்குதா?" என்று கேட்டான்.

அந்த ஒரு சொல்தான். அவ்வளவு வருடமும் அவன் வாயிலிருந்து வராத சொல்.

லோர்னாவின் மேல்சட்டையில் வலது பை நிறைய லேசான தோட்டா. இடது பையில் போன பருவத்துக் காட்டுக்கோழி வேட்டையில் மிஞ்சிய கனத்த தோட்டாக்கள் கொஞ்சம். அதுவும் இருபதாம் நம்பர்தான், அதே மஞ்சள் நிறம். துப்பாக்கிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதைத் தாங்கத்தான் செய்திருக்கிறார்கள். தோளுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். கெய்லன் விலகி நின்றதும் அவளுடைய கை இடது பைக்குள் போனது. தன்னையறியாமல் போனது என்று அவளே பிற்பாடு ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. தெரிந்துதான் போனது. தோட்டாவை எடுத்து, மேலே அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டே போட்டாள்.

"விடு!" என்று தட்டை எறியச் சொல்லி டெலியா உற்சாகமாகக் குரல் கொடுத்தாள்.

அந்த வெடி வேறு மாதிரி கேட்டது. அவள் தோளுக்குப் பின்னாலிருந்த லோர்னாவின் உள்ளங்கை வரைக்கும் உதை வந்து சேர்ந்தது. தைரியம் வந்ததில் டெலியா கன்னத்தைக் கொஞ்சம் தூக்கியிருந்தாள் போல. கட்டை எகிறி அவள் கன்ன எலும்பில் அடித்தது. ஓரடி பின்னால் தள்ளாடினாள். ஆனாலும் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல், குழல் வயலைப் பார்த்தபடியே இருக்கத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். அப்புறம்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று லோர்னாவிடம் கேட்டாள். நிஜமாகவே கற்றுக்கொள்ள வந்தவள் கேட்கிற மாதிரி.

லோர்னா வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்ல செல்லம். தோள்ல அழுத்திப் பிடிக்கல, அவ்வளவுதான்."

அதே சொற்கள். அதே இழுவை. அந்தச் சிரிப்புகூட மாறவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். டெலியா தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த நினைப்போடு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று லோர்னாவுக்குத் தெரியும்.

"அவங்க சரியாத்தான் பிடிச்சாங்க. நான் போட்டது கனமான தோட்டா," என்றாள்.

"மாத்திப் போட்டுட்டியா?" என்றான் கெய்லன்.

"மாத்தல. பாத்துதான் போட்டேன்."

சமையலறை ஜன்னலில் ஐரின் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு கெய்லன் வெடித்தான். "பைத்தியமாடி உனக்கு? இந்தப் புத்திக்குத்தான் தனியாக் கிடக்கற! உன்கூட எவன்..."

"கெய்லன், வண்டிய எடு," என்றாள் டெலியா.

"இவள சும்மா விடச் சொல்றியா..."

"வண்டிய எடுன்னு சொன்னேன்."

அவன் போனான். லோர்னாவுக்கு அந்த நேரத்திலும் அது வியப்பாக இருந்தது. டெலியா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "உங்கள நான் நேர்ல பாத்ததே இன்னைக்குத்தான். உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் போய்விட்டாள்.

"ஏண்டி, அவன் மேல இருக்கிற ஆத்திரத்துக்கு அவன் காலுலயே சுட்டிருந்தாக்கூட நான் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வந்திருப்பேன்," என்றாள் ஐரின். "அந்தப் பொண்ணு என்னடி பண்ணுச்சு?"

லோர்னா பயிற்சியாளர் மேல்சட்டையைக் கழற்றி ஐரினிடம் கொடுத்தாள். அன்றைக்கே கிளப் தலைவருக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம். தானியக் கிடங்கின் எடைமேடை அறையில்தான் லோர்னாவுக்கு வேலை. லாரிகள் வராத நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு டெலியா உள்ளே வந்தாள். கன்னத்தில் காயம் மஞ்சள் பாரித்திருந்தது.

லோர்னா எழுந்து நின்றாள். "என்னை மன்னிச்சிடுங்க. நான் செஞ்சது அநியாயம். அதுக்கு எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க. அதக் கேக்கத்தான் வந்தேன்," என்று டெலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கிளப் தலைவர் போன் பண்ணார். அடிபட்டது நீங்க, லோர்னாவ வெச்சுக்கவா, தூக்கிடவான்னு நீங்களே சொல்லுங்கன்னார். தூக்கிடுங்கன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. காரணம் தெரியாம சொல்லக் கூடாதுன்னு வந்தேன்."

லோர்னா சொன்னாள். வயலில் மல்லாந்து விழுந்ததை, சிரித்தவர்களை, தலை வார முடியாத வாரத்தை. பிறகு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அந்தத் துப்பாக்கியைப் பார்த்ததும் வயிறு எரிந்ததையும் சொன்னாள். "உங்க கைய அளந்து கட்டைய அறுத்திருக்கான். எனக்கு அவன் ஒரு கையுறைகூட அளவு பாத்து வாங்கினதில்ல."

டெலியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் கன்னம் வலித்து, கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அவனா? கெய்லனா அளந்தான்? ஏங்க, அவன் மொதல்ல எங்கிட்டயும் அந்த ஒத்தக் குழலத்தான் நீட்டினான். எங்க வீட்டுல எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்கன்னு பெருமை வேற. உதைக்குமான்னு கேட்டேன். கொஞ்சம்னான். கொஞ்சம்னு சொல்றப்ப ஒரு பக்கமா சிரிச்சான் பாருங்க, அப்பவே எனக்குச் சந்தேகம். எங்க ஆஸ்பத்திரிக்குப் பல்லு காட்ட வர்றவர் ஒருத்தர் துப்பாக்கிக் கடை வெச்சிருக்கார். அவர் வாய்க்குள்ள கருவிய வெச்சுக்கிட்டே கேட்டேன், உதைக்காத துப்பாக்கி எது இருக்குன்னு. கடைக்கு நான்தான் போனேன். கைய அளந்தது அவர். தலையணையால தட்டற மாதிரின்னு சொன்னதும் அவர்தான். இவன் வண்டியிலயே உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தான்."

லோர்னாவால் நம்ப முடியவில்லை. "ஆனா, வலிக்குதான்னு கேட்டானே."

"கேக்கச் சொல்லி வெச்சிருக்கேன்," என்றாள் டெலியா, ரொம்பச் சாதாரணமாக. "மொதல்ல எல்லாம் நான் கால் இடறி விழுந்தாக்கூடப் பாத்துக்கிட்டே நிப்பான். ஒருநாள் உக்கார வெச்சு சொல்லிட்டேன். நான் விழுந்தா வலிக்குதான்னு கேக்கணும், இறங்கறப்பக் கதவத் திறக்கணும். அதுலேர்ந்து கேக்கறான். சிரிக்கறதத்தான் இன்னும் நிறுத்த முடியல. அதையும் அன்னைக்குப் போற வழியிலயே பேசிட்டேன்."

வெளியே ஒரு லாரி வந்து எடைமேடையில் ஏறியது. லோர்னா எடையைக் குறித்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவன் டெலியாவுக்குக் கொடுத்ததாக நினைத்து இவ்வளவு நாள் பொறாமைப்பட்டிருக்கிறாள். அவனாகக் கொடுக்கவே இல்லை. டெலியா கேட்டு வாங்கியிருக்கிறாள். பத்தொன்பது வருடம், அவனாக என்றைக்காவது கேட்பான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு லோர்னா காத்திருந்தாள். இந்தக் குள்ளப் பெண் அவனை உட்காரவைத்து ஒரே நாளில் சொல்லிவிட்டாள். முன்பு எரிந்ததைவிட இப்போதுதான் அதிகமாக எரிந்தது. ஆனால் இந்த எரிச்சலில் டெலியாவின் தோளை நோகடிக்கும் ஆசை இல்லை.

"தலைவர்கிட்ட உங்கள வெச்சுக்கச் சொல்லிடறேன். சனிக்கிழமை வர்றேன். தனியா," என்று டெலியா எழுந்தாள். "ஆனா தோட்டா என் பையிலதான் இருக்கும். ஒவ்வொண்ணா நானே எடுத்துப் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

"சரி," என்றாள் லோர்னா.

சனிக்கிழமை அவள் சொன்னபடியே வந்தாள். சொன்னபடியே தோட்டாவைத் தானே போட்டாள். ஆனால் சுட்டது எதுவும் படவில்லை. தட்டுக்கு ரொம்பக் கீழே போயின. லோர்னா பக்கவாட்டில் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். விசையை இழுக்கும் முன்பே இமைகள் இறுக மூடின. தோள் ஒரு துளி பின்வாங்கியது. ஒரே ஒரு தோட்டாவில் வந்த வியாதி. தன் கையால் வந்தது.

"கண்ண மூடிக்கறீங்க."

"மூடலையே."

"எனக்குத் தெரியும். நான் ஒரு வருஷம் மூடிக்கிட்டிருந்தேன்." லோர்னா தயங்கினாள். "இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. ஆனா உங்களுக்குப் பிடிக்காது. வெடிமருந்தில்லாத தோட்டாவ நடுநடுவுல கலந்து போடணும். எது நிஜம், எது வெத்துன்னு சுடறவங்களுக்குத் தெரியவே கூடாது. அதனால..."

"அதனால நீங்க போடணும். நான் பாக்கக் கூடாது."

"ஆமா."

டெலியா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு டெலியா பையிலிருந்த தோட்டாக்களை எல்லாம் அள்ளி லோர்னாவின் முன்னால் மேசைமேல் கொட்டினாள். "உங்க மேல்சட்டைப் பை ரெண்டையும் காட்டுங்க," என்றாள். லோர்னா இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். காலி. டெலியா தலையாட்டிவிட்டு, முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

லோர்னா கிளப்பின் பயிற்சிப் பெட்டியிலிருந்து மருந்தில்லாத தோட்டாக்களை எடுத்துவந்து ஒன்றைப் போட்டாள். "விடு!" தட்டு பறந்தது. கிளிக் என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்காத துப்பாக்கியின் குழல் மட்டும் பயந்த ஆட்டுக்குட்டி மாதிரி தலையைக் குனிந்தது. டெலியா அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"ஐயோ, நானா இது?"

"நீங்கதான்."

"கேவலமா இருக்கே!"

அடுத்தது நிஜம். அதற்கடுத்ததும் நிஜம். பிறகு வெற்று. பிறகு மறுபடி வெற்று. ஒவ்வொரு முறையும் டெலியா குழலைத் திட்டினாள், தட்டைத் திட்டினாள், ஒருமுறை லோர்னாவையே நேராகத் திட்டினாள். லோர்னா வாங்கிக்கொண்டாள். போகப் போகக் குழல் குனிவது குறைந்தது. கடைசியில் ஒரு வெற்றுத் தோட்டாவுக்குக் குழல் அசையவே இல்லை. பறந்த தட்டின் பின்னாலேயே வழவழவென்று போனது. அடுத்ததாக லேசான தோட்டா ஒன்றைப் போட்டாள் லோர்னா. தட்டு தூளானது. அதற்கடுத்ததும்.

"எனக்கு ஒரு வருஷம் பிடிச்சுது," என்றாள் லோர்னா. குரலில் இருந்த ஆதங்கத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

"உங்களுக்கு யாரு வெத்துத் தோட்டா போட்டுக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. நானே கலந்து பையில போட்டு, கண்ண மூடிக்கிட்டு எடுத்துப் போடுவேன்."

டெலியா துப்பாக்கியைக் காலி செய்து, திறந்து காட்டி, லோர்னாவிடம் நீட்டினாள். "நீங்க ஒண்ணு சுட்டுப் பாருங்க."

கட்டை லோர்னாவின் நீளக் கைக்குக் குட்டையாக இருந்தது. கழுத்தைச் சுருக்கிக்கொண்டுதான் கன்னத்தை ஒட்ட வேண்டியிருந்தது. சுட்டாள். தோளில் ஏதோ பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது.

"எப்படி இருக்கு?" என்றாள் டெலியா.

"நல்லா இருக்கு."

"பொறாமையா இருக்கா?"

"ரொம்ப," என்றாள் லோர்னா. கையை நீட்டி இன்னொரு தோட்டா கேட்டாள். டெலியா அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.